'மாட்யூல் இல்லை' என்று பைத்தான் சொன்னால், உடனே எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள்

இது எபிசோடின் ஒலிப்பதிவைத் திருத்தி எழுத்தாக்கிய வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். கமாண்டுகளைப் பேசியபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

இன்னிக்கு ஒரே ஒரு எரரைப் பத்தி மட்டும் பேசப் போறோம். பைத்தான் கத்துக்க ஆரம்பிச்ச முதல் மாசத்துலயே எல்லாரும் பார்த்திருப்பீங்க. 'மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்: நோ மாட்யூல் நேம்டு' அப்படின்னு வரும், பக்கத்துல மேற்கோள் குறிக்குள்ள ஒரு பேர் இருக்கும். அந்தப் பேர்ல ஒரு மாட்யூல் இல்லைன்னு அர்த்தம்.

நீங்க அப்பதான் லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணி முடிச்சிருப்பீங்க. 'சக்ஸஸ்ஃபுலி இன்ஸ்டால்டு'ன்னு வந்ததையும் கண்ணால பார்த்திருப்பீங்க. ஆனா புரோகிராமை ஓட்டினா இல்லைன்னு சொல்லுது. திரும்ப இன்ஸ்டால் பண்றோம், திரும்ப இல்லைங்குது. பைத்தானையே அழிச்சிட்டு புதுசா போடறோம், அப்பவும் அதேதான். அன்னன்னிக்குக் கிடைக்கற மொபைல் டேட்டாவும் தீர்ந்து போச்சு. மறுநாள் காலையில புராஜெக்ட் ரிவ்யூ. இந்த நிலைமையில நிறைய பேர் வர்ற முடிவு, 'கோடிங் நமக்கு வராது' அப்படிங்கறது. இந்த எரருக்கும் உங்க புத்திக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது விலாசம் தப்பிப்போன பிரச்சினை. விலாசத்தைச் சரிபார்க்கத் தெரிஞ்சா பத்து நிமிஷத்துல தீரும்.

ஒரு ஊர் பேரை எண்ணிப் பார்ப்போம்

உதாரணத்துக்கு நம்ம ஊர் பேரையே எடுத்துக்கலாம். 'மண்ணாடிப்பட்டு' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? விரல் விட்டு எண்ணுங்க. ம, ண், ணா, டி, ப், ப, ட், டு. மொத்தம் எட்டு. இதையே பைத்தான்ல போட்டு நீளம் கேட்டா 14ன்னு சொல்லும். ஏன்னா யூனிகோடுல புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாத்துக்கும் தனித்தனி எண் இருக்கு. 'ண்' நமக்கு ஒரு எழுத்து. பைத்தானுக்கு 'ண' ஒண்ணு, புள்ளி ஒண்ணு, ஆக ரெண்டு.

தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாவே எண்ணணும்னா அதுக்கு ஒரு லைப்ரரி இருக்கு. பேர் ஓப்பன்-தமிழ். முத்து அண்ணாமலை முன்னெடுத்து, தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கற கட்டற்ற மென்பொருள் அது. தமிழ்லயே புரோகிராம் எழுதற 'எழில்' மொழியை உருவாக்கினவரும் அவர்தான். அதுல 'கெட் லெட்டர்ஸ்'ன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. ஒரு சொல்லைக் கொடுத்தா எழுத்து எழுத்தா பிரிச்சுக் கொடுக்கும். மண்ணாடிப்பட்டுக்கு எட்டுன்னு சரியா வரும்.

இந்த லைப்ரரியை வச்சு ஒரு மாணவி கிராமப் பேர்களை எல்லாம் எழுத்து எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தறாங்கன்னு வச்சுக்குவோம். திருக்கனூர், காட்டேரிக்குப்பம், சோரப்பட்டு, கலிதீர்த்தாள்குப்பம் இப்படி ஒரு பட்டியல். சின்ன புரோகிராம்தான். இதுலயே நாம பேசப் போற அத்தனை சிக்கலும் வரும்.

எரர் என்ன சொல்லுது?

முதல்ல எரரோட கடைசி வரியைப் படிங்க. மேல இருபது வரி சிவப்பா ஓடும், பயப்பட வேண்டாம். பைத்தான்ல முக்கியமான சேதி கடைசி வரியிலதான் இருக்கும்.

'இம்போர்ட்'ன்னு நீங்க எழுதினதும் பைத்தான் இன்டர்நெட்டுக்கு எல்லாம் போய்த் தேடாது. அதுகிட்ட ஃபோல்டர்களோட பட்டியல் ஒண்ணு இருக்கு. முதல்ல நீங்க ஓட்டற புரோகிராம் இருக்கற ஃபோல்டர். அப்புறம் பைத்தானோட கூடவே வர்ற ஸ்டாண்டர்டு லைப்ரரி. கடைசியா 'சைட் பேக்கேஜஸ்'ங்கற ஃபோல்டர், இன்ஸ்டால் பண்றதெல்லாம் அங்கதான் போய் உக்காரும். இந்த வரிசையில தேடும். எங்கயும் கிடைக்கலைன்னா எரர். 2016 டிசம்பர்ல வந்த பைத்தான் 3.6 வரைக்கும் இதுக்குன்னு தனிப் பேர்கூட கிடையாது, பொதுவா 'இம்போர்ட் எரர்'னுதான் வரும்.

ஆக எரர் சொல்றது இவ்வளவுதான்: 'இந்தப் பேரை, எனக்குத் தெரிஞ்ச இந்த இடங்கள்ல தேடினேன், கிடைக்கலை.' உங்க கம்ப்யூட்டர்லயே இல்லைன்னு அது சொல்லவே இல்லை. இதுல இருந்து மூணு கேள்வி வருது. தேடினது எந்த பைத்தான்? தேடின பேர் சரியா? தேடற வழியில வேற ஏதாவது குறுக்க நிக்குதா? இந்த மூணுக்கும் பதில் தெரியாம இன்னொரு தடவை இன்ஸ்டால் பண்ணாதீங்க.

முதல் கேள்வி: எந்த பைத்தான்?

புதுச்சேரியில இருந்து விழுப்புரம் ரோட்டுல பஸ்ல போனவங்களுக்கு இது சட்டுனு புரியும். வில்லியனூர், அரியூர் வரைக்கும் புதுச்சேரி. அடுத்து கண்டமங்கலம், அது தமிழ்நாடு. இன்னும் கொஞ்சம் போனா திருவண்டார்கோவில், திருபுவனை, மதகடிப்பட்டு. திரும்ப புதுச்சேரி, நம்ம மண்ணாடிப்பட்டு கொம்யூன். அதையும் தாண்டினா மறுபடி தமிழ்நாடு. ஒரே ரோடுதான், நடுவுல சுவர் ஒண்ணும் இல்லை. ஆனா மதகடிப்பட்டு வீட்டு கரண்ட் பில்லைத் தமிழ்நாடு மின் வாரியக் கவுண்டர்ல போய் நீட்டினா, 'இந்த நம்பர் எங்ககிட்ட இல்லை'ன்னுதான் சொல்லுவாங்க. நம்பர் தப்பு இல்லை, கவுண்டர்தான் வேற.

உங்க கம்ப்யூட்டர்லயும் இதே மாதிரி ரெண்டு மூணு பைத்தான் பக்கத்து பக்கத்துல இருக்கும். லினக்ஸா இருந்தா சிஸ்டத்தோட வந்தது ஒண்ணு. விண்டோஸா இருந்தா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல இருந்து வந்தது ஒண்ணு, பைத்தான் தளத்துல இருந்து நீங்க இறக்கினது ஒண்ணு. யாரோ சொன்னாங்கன்னு அனகோண்டா போட்டிருந்தா இன்னொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி சைட் பேக்கேஜஸ் ஃபோல்டர். 'பிப்' ஒரு பைத்தான்ல கொண்டு போய் வைக்குது, நீங்க புரோகிராமை ஓட்டறது இன்னொரு பைத்தான்ல.

இதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் சொல்றேன். பிப் 'ரிக்வயர்மென்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைடு', அதாவது ஏற்கனவே இருக்குங்குது. புரோகிராம் இல்லைங்குது. ரெண்டும் உண்மைதான் சொல்லுதுங்க. வேற வேற வீட்டைப் பத்திச் சொல்லுதுங்க, அவ்வளவுதான்.

சரிபார்க்க, எரர் வர்ற அதே புரோகிராமோட தலையில ரெண்டு வரி சேர்த்துக்குங்க. 'இம்போர்ட் சிஸ்' ஒரு வரி. அடுத்த வரியில 'சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள்' என்பதை பிரிண்ட் பண்ணுங்க. இப்ப ஓடிட்டு இருக்கற பைத்தான் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு முழு விலாசமும் வரும். அப்புறம் டெர்மினல்ல 'பிப் மைனஸ் மைனஸ் வெர்ஷன்' அடிங்க. அந்த பிப் எந்த பைத்தானைச் சேர்ந்ததுன்னு அதுவும் விலாசத்தோட சொல்லும். ரெண்டு விலாசமும் ஒத்துப் போகலைன்னா உங்க நோய் என்னன்னு தெரிஞ்சு போச்சு.

மருந்து ரொம்ப சுலபம். வெறும் 'பிப் இன்ஸ்டால்'னு அடிக்கற பழக்கத்தை விட்டுடுங்க. 'பைத்தான் மைனஸ் எம் பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்' அப்படின்னு அடிங்க. ஓப்பனுக்கும் தமிழுக்கும் நடுவுல ஒரு கோடு, இடைவெளி இல்லை. இதோட அர்த்தம், 'இந்த பைத்தானே, உன்னோட பிப்பைக் கூப்பிட்டு உன் வீட்டுலயே கொண்டு வந்து வை' அப்படிங்கறது. லினக்ஸ்ல 'பைத்தான் 3' என்று சேர்த்து அடிக்க வேண்டியிருக்கும். விண்டோஸ்ல 'பி-ஒய்'ங்கற ரெண்டு எழுத்து போதும். எந்தப் பேரைச் சொல்லி புரோகிராமை ஓட்டறீங்களோ, அதே பேரைச் சொல்லி இன்ஸ்டால் பண்ணுங்க.

விஎஸ் கோடு பயன்படுத்தறவங்க, 'செலக்ட் இன்டர்பிரட்டர்'ல எந்த பைத்தான் தேர்வாகி இருக்குன்னு பாருங்க. டெர்மினல்ல ஓடுது, ரன் பட்டனை அழுத்தினா எரர் வருதுன்னா காரணம் அங்கதான் இருக்கும். ஜூபிடர் நோட்புக்ல வேலை செய்யறவங்க ஒரு செல்லுக்குள்ளயே சதவீதக் குறி போட்டு, ஒட்டினாப்ல 'பிப் இன்ஸ்டால்' அடிச்சா, அந்த நோட்புக் ஓடற பைத்தானுக்கே போய்ச் சேரும்.

ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் ஒரு தனி அறை

இந்த இடத்துல லினக்ஸ் நண்பர்களுக்கு ஒரு கேள்வி வரும். 'நீங்க சொன்ன மாதிரியே அடிச்சேன், எக்ஸ்டர்னலி மேனேஜ்டுன்னு சொல்லி இன்ஸ்டால் பண்ணவே விட மாட்டேங்குது.' ஆமா. 2023ல வந்த டெபியன் 12, உபுண்டு 23.04 இதுல இருந்து அப்படித்தான். சிஸ்டத்தோட சொந்த வேலைக்கே பைத்தான் தேவைப்படுது. அதுல நீங்க கை வச்சு ஏதாவது வெர்ஷனை மாத்திட்டா சிஸ்டமே படுத்துடும். அதனால பூட்டி வச்சிருக்காங்க. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'ன்னு ஒரு வார்த்தையைச் சேர்த்தா பூட்டு திறக்கும்னு சிலர் சொல்லிக் கொடுப்பாங்க. பேர்லயே 'சிஸ்டத்தை உடை'ன்னு இருக்கு. வேண்டாம்.

அதுக்குப் பதிலா வெர்ச்சுவல் என்விரான்மென்ட். புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள போய் 'பைத்தான் மைனஸ் எம் வென்வ் அறை' அடிங்க. வென்வ் என்பது வி, இ, என், வி. 'அறை'ங்கறது நான் வச்ச பேர், நீங்க என்ன பேர் வேணாலும் வைக்கலாம். உபுண்டுல 'பைத்தான்3-வென்வ்'ங்கற பேக்கேஜைத் தனியா ஒரு தடவை போட வேண்டியிருக்கும். அப்புறம் அந்த அறையை ஆக்டிவேட் பண்ணணும். லினக்ஸ்ல 'சோர்ஸ் அறை/பின்/ஆக்டிவேட்'. விண்டோஸ்ல 'அறை', பின்சாய்வு, 'ஸ்கிரிப்ட்ஸ்', பின்சாய்வு, 'ஆக்டிவேட்'. டெர்மினல் வரியோட தொடக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள அறையோட பேர் வந்தா உள்ள நுழைஞ்சாச்சு.

நிறைய பேர் மறந்து போறது என்னன்னா, டெர்மினலை மூடிட்டு மறுநாள் திறந்தா நீங்க அறைக்கு வெளியில நிக்கறீங்க. நேத்து ஓடின புரோகிராம் இன்னிக்கு 'மாட்யூல் இல்லை'ன்னு சொன்னா, அடைப்புக்குறிக்குள்ள பேர் இருக்கான்னு முதல்ல பாருங்க.

ரெண்டாவது கேள்வி: பேர் சரியா?

சரி, ஓப்பன்-தமிழை சரியான பைத்தான்ல இன்ஸ்டால் பண்ணியாச்சு. புரோகிராம்ல என்ன எழுதணும்? 'இம்போர்ட் ஓப்பன் தமிழ்'னு எழுதினா எரர்தான் வரும். 'இம்போர்ட் தமிழ்'னு எழுதணும். இன்ஸ்டால் பண்ற பேர் வேற, இம்போர்ட் பண்ற பேர் வேற. நம்ம வீடுகள்லயும் இருக்கே, ஆதார்ல ஒரு பேர், வீட்டுல கூப்பிடறது ஒரு பேர்.

இதுக்குப் பின்னாடி கதையும் உண்டு. படங்களைக் கையாள 'பி-ஐ-எல்'னு ஒரு லைப்ரரி இருந்துச்சு. 2009க்கு அப்புறம் அதுல புது வெளியீடு வரலை. வேற சிலர் அதை எடுத்து 'பில்லோ'ங்கற பேர்ல தொடர்ந்தாங்க. ஆனா உலகம் பூரா பழைய புரோகிராம்கள்ல 'பி-ஐ-எல்'னே எழுதியிருக்கே, அதெல்லாம் உடையக் கூடாதுன்னு உள்ள இருக்கற பேரை மாத்தலை. அதனால இன்னிக்கும் இன்ஸ்டால் பண்றது பில்லோ, இம்போர்ட் பண்றது பி-ஐ-எல்.

இன்னும் சில ஜோடிகளைக் குறிச்சுக்குங்க. 'ஓப்பன்சிவி-பைத்தான்' போட்டா இம்போர்ட் பேர் 'சிவி2'. 'பியூட்டிஃபுல்சூப்4' போட்டா 'பிஎஸ்4'. 'பை-யாம்ல்' போட்டா 'யாம்ல்'. 'சைகிட்-லேர்ன்' போட்டா 'எஸ்கேலேர்ன்'. இந்தக் கடைசி ஜோடியில எத்தனை பேர் தடுமாறினாங்கன்னா, 'எஸ்கேலேர்ன்'ங்கற பேர்ல இன்ஸ்டால் பண்றதையே அந்த லைப்ரரிக்காரங்க நிறுத்திட்டாங்க. 2023 டிசம்பர் 1ல இருந்து அந்தப் பேரை பிப்கிட்ட சொன்னா எரர் கொடுத்து, சரியான பேரைச் சொல்லித் திருப்பி அனுப்பும்.

ஊகத்துல பேர் அடிக்காதீங்க

இந்த எபிசோடுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கப் போறீங்கன்னா, அது இதுவா இருக்கட்டும்.

எரர்ல 'எக்ஸ்'னு ஒரு பேர் இல்லைன்னு வந்தா, கை தானா 'பிப் இன்ஸ்டால் எக்ஸ்'னு அடிக்கும். பிப் போய் எடுக்கற இடம் 'பை-பி-ஐ'ங்கற பொதுக் கிடங்கு. அதுல யார் வேணாலும் கணக்கு தொடங்கி, யாரும் எடுக்காத எந்தப் பேர்ல வேணாலும் பேக்கேஜ் போடலாம். கட்டற்ற மென்பொருளோட பலமே அந்தத் திறந்த கதவுதான். அதே கதவு வழியா திருடனும் வருவான்.

2019 டிசம்பர்ல நடந்ததைச் சொல்றேன். தேதிகளைக் கையாள 'பைத்தான்-டேட்யூட்டில்'னு நல்ல லைப்ரரி ஒண்ணு இருக்கு. யாரோ ஒருத்தர் 'பைத்தான்3-டேட்யூட்டில்'னு ஒரு போலியைப் போட்டிருந்தார். நடுவுல ஒரு 3, அவ்வளவுதான் வித்தியாசம். அது உள்ளுக்குள்ள இன்னொரு போலியைக் கூப்பிட்டுச்சு. 'ஜெல்லிஃபிஷ்'ங்கற உண்மையான லைப்ரரியோட பேர்ல முதல் சின்ன 'எல்'லுக்குப் பதிலா பெரிய 'ஐ' போட்ட பேர். திரையில பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். அந்தப் போலி உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற எஸ்எஸ்ஹெச் சாவி, ஜிபிஜி சாவி எல்லாத்தையும் திருடி அனுப்பற வேலையைப் பார்த்துச்சு. கண்டுபிடிச்சு நீக்கறதுக்குள்ள அந்த ஜெல்லிஃபிஷ் போலி கிட்டத்தட்ட ஒரு வருஷம் கிடங்குல இருந்திருக்கு.

இப்ப இன்னொரு வழியும் திறந்திருக்கு. ஏஐ சாட்பாட்கிட்ட கேட்டா சில சமயம் இல்லவே இல்லாத பேக்கேஜ் பேரை நம்பிக்கையா சொல்லும். அப்படி அது சொன்ன 'ஹக்கிங்ஃபேஸ்-சிஎல்ஐ'ங்கற பேர்ல பாதுகாப்பு ஆய்வாளர் ஒருத்தர் சோதனைக்காக ஒரு காலி பேக்கேஜைப் போட்டு வச்சார். மூணு மாசத்துல 30,000 தடவைக்கு மேல டவுன்லோடு ஆச்சுன்னு 2024ல அந்த ஆய்வை வெளியிட்டாங்க. அவர் போட்டது காலிப் பெட்டி. கெட்டவன் கையில அந்தப் பேர் சிக்கியிருந்தா?

சில பேக்கேஜ்களை இன்ஸ்டால் பண்ணும்போதே அதுக்குள்ள இருக்கற கோடு உங்க கம்ப்யூட்டர்ல ஓடும். இம்போர்ட் பண்ணக்கூட வேண்டாம். வீட்டுல அண்ணனோட யுபிஐ, அம்மாவோட பேங்க் கணக்கு எல்லாம் அதே லேப்டாப்ல திறந்திருக்கும். அதனால பேரை ஊகிக்காதீங்க. அந்த லைப்ரரியோட சொந்த ஆவணப் பக்கத்துக்குப் போங்க, 'இன்ஸ்டாலேஷன்'னு ஒரு தலைப்பு இருக்கும். அங்க இருக்கற வரியை அப்படியே காப்பி பண்ணுங்க. இதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும்.

மூணாவது கேள்வி: குறுக்க நிக்கறது யாரு?

ஓப்பன்-தமிழைச் சரியான பைத்தான்ல போட்டாச்சு, 'இம்போர்ட் தமிழ்'னும் சரியா எழுதியாச்சு. அப்பவும் எரர் வருது. என்னன்னு பார்த்தா 'நோ மாட்யூல் நேம்டு தமிழ் டாட் யுடிஎஃப்8', அதோட ஒட்டினாப்ல 'தமிழ் இஸ் நாட் எ பேக்கேஜ்' அப்படின்னு இருக்கு.

உங்க ஃபைல் பேரைப் பாருங்க. தமிழ் புரோகிராம்தானேன்னு 'தமிழ் டாட் பிஒய்'னு சேவ் பண்ணியிருப்பீங்க. பைத்தான் முதல்ல தேடறது புரோகிராம் இருக்கற ஃபோல்டர்லன்னு சொன்னேன் இல்லையா? அது 'தமிழ்'னு தேடும்போது முதல்ல மாட்டறது உங்க ஃபைல்தான். கிடைச்சாச்சுன்னு நிறுத்திக்கும். உண்மையான லைப்ரரி சைட் பேக்கேஜஸ்ல சும்மா உக்காந்திருக்கும்.

ஃபைல் பேரை 'ஊர்பெயர்'ன்னோ 'எண்ணிக்கை'ன்னோ மாத்துங்க, தீர்ந்துச்சு. 'தமிழ்'னு ஃபோல்டர் இருந்தாலும் இதே தொல்லை வரலாம், அதையும் மாத்திடுங்க. 'ரேண்டம்', 'ஈமெயில்', 'கேலண்டர்' இதெல்லாமும் ஃபைலுக்கு வைக்கக் கூடாத பேர்கள். அதெல்லாம் பைத்தானோட சொந்த மாட்யூல் பேர்கள்.

இன்ஸ்டால் ஆகும்போதே எரர் வந்தா?

இதுவரைக்கும் சொன்னது புரோகிராமை ஓட்டும்போது வர்றது. சில சமயம் பிப் இன்ஸ்டால் நடந்துட்டு இருக்கும்போதே நடுவுல 'நோ மாட்யூல் நேம்டு'ன்னு வரும். அதுக்குக் காரணமே வேற.

பிப் ரெண்டு வகையான பொருளைக் கொண்டு வரும். ஒண்ணு 'வீல்'. ஹோட்டல்ல வாங்கின பொட்டலம் மாதிரி, பிரிச்சா சாப்பிடலாம். இன்னொண்ணு சோர்ஸ். அரிசி பருப்பா வரும், உங்க வீட்டுலதான் சமைக்கணும். சமைக்கும்போது வேண்டிய சாமான் இல்லைன்னா எரர் வரும்.

அடிக்கடி வர்றது, 'நோ மாட்யூல் நேம்டு நம்பை'. 'நம்பைதான் ஏற்கனவே போட்டிருக்கேனே'ன்னு கேப்பீங்க. பிப் சமைக்கறது உங்க அடுப்படியில இல்லை. தனியா ஒரு தற்காலிக அறை உருவாக்கி, அந்த லைப்ரரிக்காரர் எழுதிக் கொடுத்த சாமான் பட்டியல்ல இருக்கறதை மட்டும் அங்க வச்சுக்கும். அவர் பட்டியல்ல நம்பையை எழுத மறந்திருந்தா, உங்ககிட்ட இருந்தாலும் அதுக்குத் தெரியாது. முதல்ல அந்த லைப்ரரியோட புது வெர்ஷன் வீலா கிடைக்குதான்னு பாருங்க. கிடைக்கலைன்னா, நம்பை, செட்டப்டூல்ஸ், வீல் மூணையும் உங்க அறையில போட்டுட்டு, இன்ஸ்டால் வரியோட 'மைனஸ் மைனஸ் நோ-பில்டு-ஐசொலேஷன்' சேருங்க. தனி அறை வேண்டாம், இங்கயே சமைன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, 'நோ மாட்யூல் நேம்டு டிஸ்ட்யூட்டில்ஸ்'. இந்த மாட்யூல் ரொம்ப வருஷமா பைத்தான் கூடவே வந்துட்டு இருந்துச்சு. 2023 அக்டோபர்ல வந்த பைத்தான் 3.12ல எடுத்துட்டாங்க. 'இம்ப்'ங்கற மாட்யூலும் அதே வெர்ஷன்ல போயிடுச்சு. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து பழைய லைப்ரரியைப் புது பைத்தான்ல போட்டா இது வரும். இங்கயும் முதல் வழி லைப்ரரியோட புது வெர்ஷனைத் தேடறது. டிஸ்ட்யூட்டில்ஸ் மட்டும்தான் குறைன்னா செட்டப்டூல்ஸ் போட்டா பல சமயம் தீரும், அதுக்குள்ள அதோட ஒரு பிரதி இருக்கு. அதுவும் ஆகலைன்னா பைத்தான் 3.11 வச்சு ஒரு தனி வென்வ் போட்டுக்குங்க.

'நோ மேட்சிங் டிஸ்ட்ரிபியூஷன்'னு வந்தா அது வேற எரர், குழப்பிக்காதீங்க. ஒண்ணு பேர் தப்பா இருக்கும், இல்லைன்னா உங்க பைத்தானுக்குப் பொருந்தற வெர்ஷனை அவங்க இன்னும் வெளியிட்டிருக்க மாட்டாங்க. டென்சர்ஃப்ளோ மாதிரி பெரிய லைப்ரரிகள் 32 பிட் பைத்தானுக்குக் கிடைக்காது. பழைய லேப்டாப் வச்சிருக்கறவங்க அதையும் பாருங்க.

நெட் இல்லாத ஊர்ல என்ன பண்றது?

சிக்னல் ஒரு கோடு ரெண்டு கோடுன்னு இருக்கற ஊர்கள் இருக்கு. காலேஜ்லயோ பிரவுசிங் சென்டர்லயோ நல்ல நெட் இருக்கும்போது, 'பைத்தான் மைனஸ் எம் பிப் டவுன்லோடு ஓப்பன்-தமிழ் மைனஸ் டி மூட்டை' அடிங்க. லைப்ரரியும், அது நம்பியிருக்கற மத்ததும் 'மூட்டை'ங்கற ஃபோல்டர்ல இறங்கும். பென்டிரைவ்ல எடுத்துட்டு வீட்டுக்கு வாங்க. வீட்டுல 'பிப் இன்ஸ்டால்' வரியோட 'மைனஸ் மைனஸ் நோ-இண்டெக்ஸ் மைனஸ் மைனஸ் ஃபைண்ட்-லிங்க்ஸ் மூட்டை' சேர்த்தா, நெட் பக்கமே போகாம அந்த ஃபோல்டர்ல இருந்தே எடுத்துக்கும். ஒண்ணே ஒண்ணு, இறக்கற இடத்துலயும் போடற இடத்துலயும் ஒரே ஓஎஸ், ஒரே பைத்தான் வெர்ஷன் இருக்கணும்.

ரிவ்யூவுக்குப் போறவங்க இன்னொரு வேலையும் செய்யுங்க. எல்லாம் ஓடற நிலைமையில 'பைத்தான் மைனஸ் எம் பிப் ஃப்ரீஸ்' அடிச்சு, வர்ற பட்டியலை 'ரிக்வயர்மென்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி'ங்கற ஃபைல்ல சேமிச்சு வைங்க. லேப் மிஷின்ல புதுசா ஒரு வென்வ் போட்டு, 'பிப் இன்ஸ்டால் மைனஸ் ஆர்' சொல்லி அந்த ஃபைலைக் காட்டினா அதே வெர்ஷன்கள் வந்துடும். 'எங்க வீட்டுல ஓடுச்சே சார்'னு சொல்லிட்டு நிக்க வேண்டியதில்லை. ரிவ்யூ அன்னிக்குக் காலையில இல்லாம முதல் நாளே போய் ஓட்டிப் பார்த்துடுங்க.

சுருக்கமா

கடைசி வரியைப் படிங்க. இல்லைன்னு சொல்ற பேரைக் குறிச்சுக்குங்க. சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிளை பிரிண்ட் பண்ணி எந்த பைத்தான்னு பாருங்க. இன்ஸ்டால் பேரையும் இம்போர்ட் பேரையும் ஆவணப் பக்கத்துல சரிபாருங்க. அதே பேர்ல உங்க ஃபைலோ ஃபோல்டரோ இருக்கான்னு பாருங்க. இதெல்லாம் முடிஞ்ச பிறகு, 'பைத்தான் மைனஸ் எம் பிப் இன்ஸ்டால்'.

அப்படியும் தீரலைன்னா கேளுங்க, கேக்கறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லை. விழுப்புரத்துல குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கு, புதுச்சேரியில கட்டற்ற மென்பொருள் இயக்க நண்பர்கள் இருக்காங்க. கேக்கும்போது 'ஓட மாட்டேங்குது'ன்னு மட்டும் சொல்லாதீங்க. எரரை முழுசா, நீங்க அடிச்ச கமாண்டு, பைத்தான் வெர்ஷன், ஓஎஸ் இந்த நாலையும் கொடுங்க. இந்த நாலையும் எழுதிட்டு இருக்கும்போதே பாதிப் பேருக்கு விடை தானா கிடைச்சிடும்.

இந்த மாதிரி உங்களைத் தடுக்கற வேற எரர் இருந்தா எழுதி அனுப்புங்க, ஒவ்வொண்ணா எடுத்துப் பேசுவோம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.